ஆளை மாற்றினோம், முறையை மாற்றினோமா?

(வலிகாமத்து வாசிகசாலை மண்டபமொன்றில், கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



"அரசியல்வாதிகளை நம்பிப் பயனில்லை, இனி என் செய்வது?" என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். இக்கேள்வியைச் சந்தையிலும் கேட்கிறேன். வைத்தியசாலை வாசலிலும் கேட்கிறேன். நியாயமன்றின் விறாந்தையிலும் கேட்கிறேன். படித்தவரும் பாடுபடுபவரும் ஒரே குரலிற் பேசுவது நம் ஊரில் அரிது. இவ்வொரு விடயத்திலே இருவரும் ஒன்றுபட்டு நிற்கின்றனர். எனவே இதனை வெறும் சலிப்பென்று தள்ளிவிடாது, சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஏமாற்றம் நம் தலைமுறைக்கு மாத்திரம் உரியதன்று. நம் பாட்டன்மாரும் இதனை அனுபவித்தனர். அவர்களும் மாற்றுவழி தேடினர். அவர்கள் தேடிய வழிகளையும் அவற்றின் முடிவுகளையும் அறியாமல் நாம் புதுவழி காணப் புறப்பட்டால், செக்கைச் சுற்றும் மாட்டைப் போலப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம்.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் முதற் பொதுத்தேர்தல் நடந்தது. சர்வசன வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தல் அது. ஆயினும், பூரண சுயராச்சியம் தராத திட்டம் எமக்கு வேண்டாமென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தது. யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளில் ஒருவர்தானும் போட்டியிடவில்லை. கொள்கையால் உயர்ந்த செயல் அது. அதனை நடத்தியவர்கள் சுயநலமற்றவர்கள். ஆனால் தென்னிலங்கை அவ்வழியிற் செல்லவில்லை. நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. நாம் போகாத சபையிலும் சட்டங்கள் இயற்றப்பட்டே வந்தன. விலகி நிற்பது ஒரு கண்டனம். அது தானாக ஒரு மாற்றாகிவிடாது என்பது அன்று நாம் கற்ற பாடம்.

இரண்டாவது வழி, ஆளை மாற்றுவது. மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டிலேயே தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரவையில் அமர்ந்தார். அதனால் மனம் நொந்தோர் செல்வநாயகம் அவர்களின் தலைமையில் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினர். 1952இல் அக்கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு ஆசனங்கள்; தலைவர் தாமே காங்கேசன்துறையில் தோற்றார். 1956இல் அதே கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. இன்று "பழைய கட்சி" என்று நாம் சலித்துக்கொள்வது எதுவோ, அதுவே அன்று நம்மவர் கண்ட மாற்று அணி.

அம்மாற்று அணி 1957இல் பண்டாரநாயக்காவுடன் ஒப்பந்தம் செய்தது. 1958இல் அது கிழித்தெறியப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் ஒப்பந்தம் செய்தது. மாவட்ட சபைகள் 1968இற் கைவிடப்பட்டன. ஒப்பந்தங்களை முறித்த குற்றம் கொழும்பினுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வியொன்றும் உண்டு. அவ்வொப்பந்தங்களில் எழுதப்பட்டிருந்தவை யாவை என்று நம் ஊரில் எத்தனை பேர் வாசித்தோம்? விட்டுக்கொடுத்தவை எவை, பெற்றவை எவை என்று எந்தக் கூட்டத்திற் கேட்டோம்? தலைவரை மாலையிட்டு அனுப்பினோம்; அவர் வெறுங்கையோடு வந்தபோது மீண்டும் மாலையிட்டு வரவேற்றோம்.

இன்னுமொன்று சொல்லுவேன், கமக்காரர் கவனிக்க வேண்டும். 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. நம் மாணவர் கதவடைக்கப்பட்டு நின்றனர், தமிழ் அரசியல் முழுவதும் கொதித்தெழுந்தது, எழுந்தது நியாயமே. அதே காலத்தில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் கையிற் காசு புழங்கியது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் இளைஞர் காடு வெட்டி மிளகாய் விளைவித்தனர். 1977இன் பின் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டன, விலை சரிந்தது. அந்தச் சரிவுக்காக நம் மேடைகளில் எழுந்த குரல் எவ்வளவு? படித்தவனின் காயம் இனத்தின் காயமாயிற்று. கமக்காரனின் காயம் அவன் வீட்டுக் கடனாய்ப் போயிற்று. ஒரு சமூகத்தின் அரசியல் ஒரு பகுதியாரின் துன்பத்தை மாத்திரம் பேசுமாயின், மறுபகுதியார் ஒருநாள் செவி சாய்ப்பதை நிறுத்திவிடுவர்.

செவி சாய்க்காது விடப்பட்டோர் இன்னும் உளர். கொழும்பிடம் சமத்துவம் கேட்ட நாம், 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாசலில் நின்ற நம்மவர்க்கு அதே சமத்துவத்தைக் கொடுத்தோமா? "ஒற்றுமையைக் குலைக்காதே" என்று அவர்களை அடக்கினோம். ஒற்றுமை என்ற பெயராற் கேள்வியை அடக்கும் வழக்கம் அன்றே நம்மிடம் வேரூன்றியிருந்தது.

வாக்குப்பெட்டியில் நம்பிக்கையிழந்த இளைஞர் ஆயுதம் ஏந்தினர். அந்த வரலாற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2009 மே மாதம் எந்த வீட்டின் முற்றத்தை மிதியாது போயிற்று? ஒன்றை மட்டும் சொல்லாது விட முடியாது. அதுவும் ஏமாற்றத்திற் பிறந்த மாற்றுவழியே. அவ்வழியிலும் மக்களுக்குக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. மாற்றுக் கருத்துச் சொன்னவர் நம்மவர் கையாலேயே உயிரிழந்த காலமும் இருந்தது. இறந்தோர்க்குத் தலை வணங்குவோம். அவ்வணக்கம் இவ்வுண்மையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2013 செப்டெம்பரில் வடமாகாண சபைத் தேர்தலில் 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம். அதிகாரம் குறைந்த சபைதான். ஆளுநரின் கை ஓங்கிய சபைதான். ஆயினும் நம் கையாற் கட்டப்பட்ட முதல் வீடு. அவ்வீட்டுக்குள்ளேயே பிணக்கு மூண்டு, 2017 யூன் மாதத்தில் முதலமைச்சர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொணரும் அளவுக்குச் சென்றது. 2018 ஒக்டோபரிற் சபையின் காலம் முடிந்தது; ஏழாண்டுகள் கழிந்த பின்னரும் தேர்தல் நடத்தப்படவில்லை. சபை இல்லாத குறையை நம் ஊரிற் பலர் உணரவே இல்லை என்பதுதான் எனக்குப் பெருங்கவலை. இருந்தபோதும் அது தம்முடையதென்று அவர்கள் எண்ணவில்லை.

2024ஆம் ஆண்டு நம் மனக்குழப்பத்தைக் கண்ணாடிபோற் காட்டியது. செப்டெம்பரில் சனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளருக்கு 2,26,000இற்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. இரண்டு மாதங்களுள் வந்த பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. "தமிழர் கொழும்பு பக்கம் சாய்ந்தனர்" என்றனர் சிலர். கணக்கைப் பாருங்கள். அக்கட்சி பெற்றது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்கு. மிகுதி பல பட்டியல்களாகச் சிதறியது. 2025 மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னணிக்கு வந்தது. ஓராண்டுக்குள் இங்குமங்குமாய் அசையும் இவ்வாக்கு எதனைக் கூறுகிறது? மக்கள் ஒரு கட்சியை விரும்பி மறு கட்சியை வெறுத்தனர் என்றல்ல. எவரையும் தட்டிக் கேட்க வேறு வழி தெரியாமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்காற் குட்டுகின்றனர் என்றே கூறுகிறது.

அப்படியாயின் வழி எது? அவ்வழி நமக்குப் புதியதன்று. நம் தோட்டத்திலேயே இருக்கிறது.

பங்குக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். காணி உறுதியிலே கிணற்றிற் பங்கும் வழியும் வாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். எவர்க்கு எந்நாள் இறைப்பு என்பது எல்லார்க்கும் தெரியும். ஒருவர் முறை தவறி இறைத்தால், அடுத்த தேர்தல் வரும்வரை எவரும் காத்திருப்பதில்லை; அன்று பொழுது சாயுமுன் வரம்பில் நின்று கேட்பார்கள். கிணறு கலங்கினால் எல்லாரும் இறங்கித் துப்புரவு செய்வார்கள். பங்கு உண்டு; ஆதலாற் பொறுப்பு உண்டு; ஆதலாற் கேள்வி உண்டு.

இதே முறையிலேதான் நம் ஐக்கிய நாணய சங்கங்கள் எழுந்தன. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின் ஊர்தோறும் தோன்றிய அச்சங்கங்களில் வரையறையற்ற பொறுப்பு என்றோர் ஏற்பாடு இருந்தது. ஒருவர் கடனை இறுக்காவிடின் மற்றையோர் அதனைத் தாங்க வேண்டும். ஆகவே கடன் யாருக்கு, எதற்கு என்று ஒவ்வோர் அங்கத்தவரும் கேட்டார். எழுத்தறிந்த ஆசிரியர் கணக்கெழுதினார். எழுத்தறியாத கமக்காரர் அக்கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த இயக்கத்தின் பலத்திலேதான் 1936இல் மூளாயிற் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. பின்பு 1971இற் சிறு சங்கங்களை ஒன்றாக்கிப் பெருஞ் சங்கங்களாக்கினர். பணிப்பாளர் பலரை அமைச்சர் நியமித்தார். அங்கத்தவரின் கேள்வி தூரமாயிற்று; சங்கமும் பலருக்கு வெறும் சங்கக்கடை ஆயிற்று. கேள்வி போன இடத்திற் பங்கும் போய்விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கேட்டவர்கள் பெற்றதற்கும் சான்று உண்டு. 2017 சனவரி முடிவிற் கேப்பாப்புலவில், பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை வசமிருந்த தம் காணிவாசலில் அமர்ந்தனர். பெண்களும் குழந்தைகளும் ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் இருந்தனர். மார்ச் முதலாந் தேதி காணி திறக்கப்பட்டது. 2018 ஏப்ரில் 23இல் இரணைதீவு மக்கள், 1992இல் இழந்த தீவுக்குத் தம் வள்ளங்களிலேயே சென்று இறங்கினர். சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தபோது, தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் தொடுத்த வழக்கிலே, 2019இல் உயர் நீதிமன்றம் தனியார் மின் நிறுவனமொன்றை இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. இம்மூன்றிலும் முன்னின்றவர் பாராளுமன்ற உறுப்பினரல்லர். தமிழர் பிரச்சினை முழுவதும் இவற்றால் தீர்ந்துவிட்டதென்று நான் கூறவில்லை. கேப்பாப்புலவிலேயே அன்று திறக்கப்படாத காணிகள் இருந்தன. ஆனால் இவை மெய்யான காணி, மெய்யான கடல், மெய்யான தீர்ப்பு.

"அப்படியானாற் கட்சிகள் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். அரசியல் திட்டத்தை மாற்றவும் சமஷ்டி கேட்கவும் ஊர்ச் சங்கம் போதாது. பாராளுமன்றத்திற் குரல் வேண்டும். 1931இன் பாடத்தை நாம் மறக்கலாகாது. ஆனால் கேட்கத் தெரிந்த மக்களின் முன்னாலேதான் நல்ல பிரதிநிதி உருவாவார். கேளாத மக்களிடம் நாளை எந்தப் புதுக்கட்சி வந்தாலும், பத்தாண்டில் அதுவும் பழைய கட்சியாகும்.

ஆதலால் மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன். முதலாவது, பிரதேச சபைக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம். நம் ஊரிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஐவர் சென்று பின்வாங்கில் அமருங்கள். பேச வேண்டாம்; குறித்துக்கொண்டு வந்து இவ்வாசிகசாலைப் பலகையில் எழுதுங்கள். இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வாய்க்காலுக்கு ஒதுக்கிய பணம் எங்கே, வீதி ஒப்பந்தம் யாருக்கு என்று எந்தக் குடிமகனும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். பதினான்கு வேலைநாளுள் அதிகாரி முடிவு கூற வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. கமக்காரரிடம் கேள்வி இருக்கிறது. இங்குள்ள ஆசிரியர்களிடமும் சட்டத்தரணிகளிடமும் பேனா இருக்கிறது. இரண்டும் ஒரு மேசையில் அமரட்டும். மூன்றாவது, எக்கட்சியினராயினும் நம் வாக்குப் பெற்றவரை ஆண்டுக்கு இருமுறை இம்மண்டபத்துக்கு அழையுங்கள். அன்று மாலை வேண்டாம், மேளம் வேண்டாம். ஒரு கதிரை, ஒரு செம்பு தண்ணீர், எழுதி வைத்த பத்துக் கேள்விகள் போதும். வராதவரின் பெயரையும் அதே பலகையில் எழுதுங்கள்.

இது சிறு காரியமென்று இளைஞர் எண்ணக்கூடும். கொடியும் கோஷமும் பெரிதாகத் தோன்றும் வயது அது. தம்பிமாரே, தங்கைமாரே, பெரிய கொடிகளின் கீழ் நாம் நின்றிருக்கிறோம். அக்கொடிகளின் கீழ் நமக்கு இல்லாதிருந்தது தைரியமன்று. கணக்குக் கேட்கும் வழக்கமே.

வருகிற மாதப் பிரதேச சபைக் கூட்டத்துக்குச் செல்லும் ஐவரின் பெயரை, இக்கூட்டம் கலையுமுன் தலைவர் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டுமெனக் கேட்டு, என் உரையை முடிக்கிறேன்.