தலைவர் மாறினால் தேர்தல் மாறுமா?



ஒரு கட்சி தன் தலைவரை மாற்றிக்கொண்டால் அடுத்த தேர்தலில் அதன் வெற்றிவாய்ப்புக் கூடுமா என்பதே இன்று எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். இது ஏன் இவ்வூரில், இவ்வேளையில் எழுந்தது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வாசிகசாலைத் திண்ணையிலும் நீதிமன்ற வளவிலும் சந்தையிலும் இன்று பேசப்படுவது எங்கள் வீட்டுத் தலைமைப் பிரச்சினைதான். அதற்குக் கடைசியில் வருவோம். அயல்வீட்டுக் கணக்கை முதலில் பார்த்துவிட்டால் எம் வீட்டுக் கணக்கைப் பார்க்கும்போது கோபம் சற்றுக் குறைந்திருக்கும்.

இக்கேள்வியைச் சோதித்துப் பார்ப்பதற்கு 1960ஆம் ஆண்டைப் போல வாய்த்த ஆண்டு இலங்கையின் வரலாற்றில் வேறில்லை. சுமார் நான்கு மாத இடைவெளியில் இரண்டு பொதுத்தேர்தல்கள். தொகுதிகள் அவையே, ஆசனங்கள் 151. வாக்காளர்கள் அவர்களே. மார்ச் 19ஆம் திகதி திரு. சி. பி. டி சில்வாவின் தலைமையில் நின்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 46 ஆசனங்களைப் பெற்றது. திரு. டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50. பெரும்பான்மை எவருக்கும் இல்லை. மே மாதத்தில், முந்திய ஆண்டு கொலையுண்ட பிரதம மந்திரி பண்டாரநாயக்காவின் துணைவியார் திருமதி சிறிமாவோ சுதந்திரக் கட்சியின் தலைமையை ஏற்றார். யூலை 20ஆம் திகதி மறுபடியும் வாக்கெடுப்பு. சுதந்திரக் கட்சிக்கு 75. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 30.

தலைவரை மாற்றினார்கள், 29 ஆசனங்கள் கூடின. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்பவர்கள் உளர். அவர்கள் ஆசனக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வாக்குக் கணக்கைப் பார்க்காமல் எழுந்து போனவர்கள். யூலைத் தேர்தலில் நாடு முழுவதிலும் கூடுதலான வாக்குகளைப் பெற்ற கட்சி எது? தோற்றுப்போன ஐக்கிய தேசியக் கட்சி. அதற்கு நூற்றுக்கு 37.6, வென்ற சுதந்திரக் கட்சிக்கு 33.6. மார்ச் மாதத்தில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றது நூற்றுக்கு 30க்கும் குறைவு. அதாவது தலைவரை மாற்றாத கட்சிக்கும் வாக்குக் கூடியது. ஆனால் அதன் ஆசனங்களில் 20 பறிபோயின.

இந்த விந்தை எப்படி நிகழ்ந்தது? ஒரு தொகுதியை எண்ணிக்கொள்வோம். நூறு பேர் வாக்களிக்கிறார்கள். ஐக்கிய தேசியக் கட்சி அபேட்சகருக்கு 40, சுதந்திரக் கட்சி அபேட்சகருக்கு 35, சமசமாஜ அபேட்சகருக்கு 25. வென்றவர் முதலாமவர். நான்கு மாதம் கழித்துச் சமசமாஜ அபேட்சகர் நிற்கவில்லை. அவருடைய 25இல் 10 முதலாமவருக்கும் 15 இரண்டாமவருக்கும் போகின்றன. இப்போது 50க்கு 50. முதலாமவருக்கும் வாக்குக் கூடித்தான் இருக்கிறது. ஆனால் அவர் ஆசனம் ஊசலாடுகிறது. யூலையில் நடந்தது இதுவே. மார்ச்சில் 100க்கு மேற்பட்ட தொகுதிகளில் நின்ற சமசமாஜக் கட்சி, யூலையில் சுதந்திரக் கட்சியோடும் கம்யூனிஸ்ட் கட்சியோடும் போட்டியில்லா உடன்பாடு செய்துகொண்டு சுமார் 20 தொகுதிகளோடு நின்றது. சிதறிக் கிடந்த வாக்கு ஒரு வாய்க்காலில் வந்து சேர்ந்தது.

திருமதி சிறிமாவோவுக்கு இதில் பங்கில்லை என்று நாம் சொல்லவரவில்லை. கணவனை இழந்த ஒரு பெண்மணியின் மீது கிராமத்து மக்கள் காட்டிய இரக்கம் உண்மையானது. இடதுசாரிகளும் அவரை நம்பித்தான் விட்டுக்கொடுத்தார்கள். தலைமை மாற்றம் உடன்பாட்டுக்கு வழி திறந்தது. ஆசனங்களைக் கொண்டுவந்தது உடன்பாடு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

தமிழர்களாகிய எமக்கு அந்த ஆண்டில் இன்னுமொரு கணக்கும் எழுதப்பட்டது. மார்ச் தேர்தலில் 15 ஆசனங்களோடு வந்த தமிழரசுக் கட்சி, பிரதேச சபைகள், மொழி, குடியேற்றம், மலையகத் தமிழரின் குடியுரிமை ஆகிய நான்கு கோரிக்கைகளைத் திரு. டட்லியிடம் வைத்தது, அவர் இணங்கவில்லை. ஏப்பிரில் 22ஆம் திகதி சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் தமிழரசு உறுப்பினர்களும் எதிர்த்து வாக்களிக்க, அவருடைய அரசாங்கம் கவிழ்ந்தது. அப்போது சுதந்திரக் கட்சியைத் தலைமை தாங்கியவர்களோடு பேச்சு நடந்திருந்தது. 1957ஆம் ஆண்டின் பண்டா–செல்வா ஒப்பந்தத்தின் வழியில் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கை எம்மவர்க்கு அளிக்கப்பட்டிருந்தது. அடுத்த தேர்தலில் எமக்கு 16 ஆசனங்கள், ஒன்று கூடியது. ஆனால் 75 ஆசனங்களைப் பெற்ற புதிய தலைமைக்கு எமது 16 தேவைப்படவில்லை. 1961 சனவரி முதலாம் திகதி தொடக்கம் தனிச் சிங்களம் முழு வேகத்தில் நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தார்கள். முன்னைய தலைவர் கொடுத்த வாக்கு, புதிய தலைவரின் முதுசத்தில் சேர்க்கப்படவில்லை. சட்டத்தரணிகள் பலர் இங்கு இருக்கிறார்கள். எழுதாத உறுதிக்கு வாரிசு இல்லை என்பதை அவர்கள் எம்மிலும் நன்கறிவர்.

தலைவர் மாறாமலே வாக்கு மாறிய கதையும் உண்டு. 1954இல் யாழ்ப்பாணம் வந்து இரு மொழிக்கும் சம அந்தஸ்து என்று சொன்ன சேர் ஜோன் கொத்தலாவலை, 1956 பெப்ரவரியில் களனியில் கூடிய தன் கட்சி மாநாட்டில் சிங்களம் மட்டும் என்ற தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார். அப்படியும் ஏப்பிரிலில் அவர் கட்சி 8 ஆசனங்களோடு வீடு திரும்பியது. அதை விட்டுவிடுவோம்.

திரு. டட்லி சேனநாயக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் தந்தையார் மறைந்து இரண்டு மாதம் கழிந்ததும் தேர்தலைச் சந்தித்தார். 95 ஆசனங்களில் 54. 1960 மார்ச்சில் 50, யூலையில் 30, 1965இல் 66, 1970இல் 17. மனிதர் ஒருவரே. அவருடைய நேர்மையும் நிதானமும் சுகவீனமும் அவையே. 1970இல் அவர் கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு 37.9, சுதந்திரக் கட்சிக்கு 36.9. வாக்கில் ஒரு படி மேலே, ஆசனத்தில் 17க்கு 91! எதிர்த் தரப்பு மூன்று கட்சிகளும் ஐக்கிய முன்னணியாக ஒரு தொகுதிக்கு ஓர் அபேட்சகரை நிறுத்தியதன் விளைவு இது. தலைவரின் முகத்தை வைத்து இந்த ஐந்து எண்களையும் விளக்க வல்லவர் யாராவது இருந்தால் மேடைக்கு வரலாம்.

1973இல் அவர் காலமாக, திரு. ஜே. ஆர். ஜயவர்த்தனா தலைமைக்கு வந்தார். 1977 யூலையில் 168 ஆசனங்களில் 140. தலைவர் மாற்றத்தின் மகிமை என்று இதைத்தான் பலரும் சுட்டுவார்கள். திரு. ஜயவர்த்தனா கட்சியைப் புதிதாகக் கட்டினார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் எதிர்ப்பக்கத்தில் நடந்ததையும் பார்க்கவேண்டும். 1975இல் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977 தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சியும் விலகியது. 1970இல் ஒன்றாய் வந்த வாக்கு 1977இல் பிரிந்து போயிற்று. அதே திருமதி சிறிமாவோவின் தலைமையில் சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்கள். இடதுசாரிக் கட்சிகளுக்கு ஒன்றுமில்லை. பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற தெற்கின் சலிப்பும் சேர்ந்தது. எங்கள் தோட்டக்காரருக்கு அந்த ஆண்டுகள் வேறு விதமாக நினைவிருக்கும். இறக்குமதித் தடையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை வந்த காலம் அது. கல்வீடு கட்டியவர்களும் பிள்ளையைப் படிப்பித்தவர்களும் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். 1977க்குப் பிறகு துறைமுகம் திறந்தபோது அந்த விலை இறங்கியது. கொழும்பில் தலைவர் யார் என்பதைவிடக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்குவது என்ன என்பதே வலிகாமத்தின் செம்மண்ணுக்குப் பெரிய செய்தியாயிருந்தது.

எம் உறவினர் பலர் வாழும் கனடாவிலும் இதே பாடத்தை இரு தடவை பார்க்கலாம். 1993 யூனில் ஆளும் முற்போக்குக் கன்சவேட்டிவ் கட்சி, மக்களின் வெறுப்புக்கு ஆளாகியிருந்த பிரதமர் மல்றோனியின் இடத்தில் திருமதி கிம் காம்பெலை வைத்தது. ஒக்ரோபரில் அக்கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். முந்திய தேர்தலில் 169. மேற்கு மாகாணங்களின் வாக்கைச் சீர்திருத்தக் கட்சியும், கியூபெக்கின் வாக்கைத் தனிநாடு கேட்ட கட்சியும் அள்ளிக்கொண்டு போய்விட்டன. 2025இல் லிபரல் கட்சி திரு. ட்ரூடோவின் இடத்தில் திரு. மார்க் கார்னியை வைத்தது. ஏப்பிரில் 28ஆம் திகதி 343 இடங்களில் 169ஐப் பெற்று அரசாங்கத்தைக் காப்பாற்றிக்கொண்டது. தோற்றுவிடும் என்று பலரும் எழுதிவைத்த கட்சி. அமெரிக்க ஜனாதிபதியின் தீர்வை மிரட்டலுக்கு அஞ்சிய மக்கள் புதிய ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டு லிபரல் பக்கம் ஒதுங்கினார்கள். அந்தச் சிறு கட்சி 7 இடங்களுக்குச் சுருங்கியது. குளத்தில் தண்ணீர் இருந்தது. துருசை மாற்றியவுடன் பாய்ந்தது. 1993இல் குளமே உடைந்திருந்தது.

தலைவரை மாற்றாமல் விடுவதற்கும் விலை உண்டு. ஐக்கிய தேசியக் கட்சி அதைக் கொடுத்தது. திரு. ரணில் விக்கிரமசிங்க தலைமையை விடாதபோது திரு. சஜித் பிரேமதாச வெளியே போய் ஐக்கிய மக்கள் சக்தியை அமைத்தார். 2020 ஓகஸ்டில் புதிய கட்சிக்கு 54 ஆசனங்கள். சுதந்திரத்துக்கு முன்னரே தோன்றிய பழைய கட்சிக்குத் தேசியப்பட்டியலில் ஒன்று. தலைமை மாற்றத்தை மறுத்தபோது வாக்கே எழுந்து நடந்துவிட்டது. ஆனால் புதிய தலைவரும் அரசாங்கம் அமைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஜனாதிபதி முறை வந்த பின் எல்லாம் ஒருவரின் முகத்தில்தான் என்பாருக்கும் ஒரு வார்த்தை. திரு. அநுர குமார திசாநாயக்க 2014இல் தன் கட்சியின் தலைவரானார். 2019 ஜனாதிபதித் தேர்தலில் அவர் பெற்றது நூற்றுக்கு 3.16. 2024 செப்ரெம்பரில் நூற்றுக்கு 42.31. தலைவர் மாறவில்லை. இடையில் மாறியது நாடு: எரிபொருள் வரிசையும், மின்வெட்டும், உரமின்றிக் காய்ந்த வயலும்.

இனி எம் வீட்டுக்கு வருவோம். 2024 சனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை, வாக்கெடுப்பின் மூலம் திரு. சிறீதரனைத் தலைவராகத் தெரிந்தது. அவருக்கு 184, திரு. சுமந்திரனுக்கு 137. பெப்ரவரியில் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. தெரிவானவர் பதவியேற்க முடியவில்லை. செப்ரெம்பரில் கட்சி திரு. சஜித்தை ஆதரிக்கத் தீர்மானிக்க, திரு. சிறீதரனும் வேறு சிலரும் தமிழ்ப் பொது அபேட்சகர் திரு. அரியநேத்திரனுக்காகப் பிரசாரம் செய்தார்கள். அவரும் அதே கட்சியினர். நவம்பர் 14ஆம் திகதி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்கு. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. அந்த மூன்றையும் வென்றவர்கள் பெற்ற வாக்கு மாவட்டத்தில் நாலிலொரு பங்களவே. எஞ்சியவை பல கட்சிகளுக்கும் பற்பல சுயேச்சைக் குழுக்களுக்குமாகச் சிதறின.

தலைமைச் சண்டைதான் இதற்குக் காரணம் என்பது திண்ணைத் தீர்ப்பு. நாம் அதை முழுதாக ஏற்கவில்லை. அதே நாளில், அதே கட்சி, அதே வழக்கைத் தலையில் சுமந்தபடி, மட்டக்களப்பில் 5 ஆசனங்களில் 3ஐ வென்றது. 2020இல் அங்கே அதற்குக் கிடைத்தவை 2. நாடெங்கும் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற, அதனால் முதலிடம் பெற முடியாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. திருகோணமலையில் பிரிந்து நின்ற தமிழ்க் கட்சிகள் வீட்டுச் சின்னத்தின் கீழ் ஒரே பட்டியலில் வந்து ஓர் ஆசனத்தைக் காத்தன. கிழக்குக்கும் வடக்குக்கும் தலைவர் வேறல்லர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக நின்று 2020இல் யாழ்ப்பாணத்தில் 3 ஆசனங்களைப் பெற்றவர்கள், 2023 சனவரியில் தனித்தனியே போவதென்று பிரிந்தார்கள். தலைவர் தெரிவு நடந்தது அதற்கு ஓராண்டு கழித்து. வாக்கு எப்போது சிதறத் தொடங்கியது என்பதைத் திகதிகளே காட்டும்.

ஆகவே, யார் தலைவர் என்று கேட்கும் ஒவ்வொருவரிடமும் நாம் திருப்பிக் கேட்பது இதுவே. நீங்கள் விரும்பும் அந்தத் தலைவர், 2023இல் பிரிந்துபோன எவரோடு போய் உட்காரத் தயாராயிருக்கிறார்? எந்த ஆசனத்தை விட்டுக்கொடுப்பார்? தனக்கு முன் இருந்தவர் கொடுத்த வாக்கில் எதைத் தன் கையெழுத்தாக ஏற்பார்? இவற்றுக்கு விடை வைத்திருப்பவர் எவராயினும் எமக்கு ஆட்சேபமில்லை. விடையின்றி வருபவர் எத்துணைப் பேச்சு வல்லவராயினும், அவர் கேட்பது பதவியைத்தான்.

விடிய இறைப்பு உள்ளவர்கள் பின்வரிசையில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுந்து போவதற்கு முன் கேள்விகளைக் கேட்டுவிடட்டும் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.