தெளிந்த தண்ணீரெல்லாம் குடிதண்ணீர் அல்ல
(மீள்குடியேறிய கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட சுகாதார உரை)



நெடுங்காலத்துக்குப் பிறகு சொந்தக் காணியில் கால் வைத்திருக்கிறீர்கள். கூரை, வேலி, தோட்டம் என்று எத்தனையோ வேலைகள் காத்திருக்கின்றன. அவற்றுக்கு முன்னர் குடிதண்ணீரைப் பற்றிச் சிறிது நேரம் பேச வந்திருக்கிறேன்.

நலன்புரி நிலையத்தில் ஒரு குடம் தண்ணீருக்காக வரிசையில் நின்றிருப்பீர்கள். ஆனாலும் தாங்கியில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். இங்கே அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

சென்ற கிழமை ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "தம்பி, பவுசர் தண்ணி மருந்து மணக்குது. தேத்தண்ணி ருசிக்குதில்லை. எங்கட கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. அதைத்தான் பிள்ளையளுக்குக் குடுக்கிறன்."

அவர் பிள்ளைகளின் நன்மையை எண்ணித்தான் அப்படிச் செய்தார். ஆனால் வயிற்றோட்டத்தையும் நெருப்புக்காய்ச்சலையும் செங்கண்மாரியையும் கொண்டுவரும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. கண்ணாடி போன்ற தண்ணீரிலும் அவை இருக்கும். அந்த மெல்லிய மருந்து மணமோ, கிருமியைக் கொல்லும் குளோரின் தண்ணீரில் இன்னும் மிஞ்சியிருக்கிறது என்பதன் அடையாளம். ஒரு லீற்றரில் 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் மிஞ்சியிருந்தால் போதும். அந்த அளவு உடம்புக்குத் தீங்கு செய்யாது. மணம் பிடிக்காவிட்டால் கொதிக்க வைத்து ஆற விடுங்கள், மணம் போய்விடும். மணத்துக்காகப் பாதுகாப்பான தண்ணீரைக் கைவிட வேண்டாம்.

அடுத்தது குழாய்த் தண்ணீர். ஏ9 வீதியால் வந்தபோது கிளிநொச்சியில் சரிந்து கிடக்கும் பெரிய நீர்த்தாங்கியைப் பார்த்திருப்பீர்கள். அது விழுந்தது கண்ணுக்குத் தெரிகிறது. நிலத்துக்குக் கீழே வெடித்திருக்கும் குழாய் தெரிவதில்லை. தண்ணீர் வரும் நேரத்தில் அந்த வெடிப்பால் தண்ணீர் வெளியே கசியும். வராத நேரத்தில் குழாயில் அமுக்கம் குறைந்து, சுற்றியுள்ள ஊத்தைத் தண்ணீர் உள்ளே இழுபடும். ஆகவே விட்டு விட்டு வரும் குழாயில் முதலில் வரும் தண்ணீரைக் கழுவவும் மரங்களுக்கு ஊற்றவும் எடுங்கள். தெளிந்த பிறகு பிடித்ததையும் கொதித்தாறிய நீராகவே குடியுங்கள். வீதியில் கசிவு கண்டால் உடனே கிராம அலுவலருக்கோ நீர் வழங்கல் சபைக்கோ அறிவியுங்கள்.

இனி உங்கள் சொந்தக் கிணறு. ஆண்டுக்கணக்காக இறைக்காத கிணற்றில் செத்த பிராணி கிடக்கலாம், வெடிபொருளும் கிடக்கலாம். கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று அறிவிக்கப்படாத காணியிலுள்ள கிணற்றுக்குப் போகவே வேண்டாம். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பிச் சென்று அறிவியுங்கள்.

பாதுகாப்பு உறுதியான பிறகும் தனியாகக் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். உள்ளே நச்சுக்காற்று இருக்கலாம். மண்ணெண்ணெய்ப் பம்பைக் கிணற்றுக்குள் வைத்து இயக்காதீர்கள். அதன் புகை ஆளைக் கொல்லும். கிணற்றை இறைத்துச் சேற்றை அள்ளிய பிறகு எவ்வளவு குளோரின் இடவேண்டும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரின் அளவை அளந்து சொல்வார். குளோரின் இட்ட கிணற்றை ஓர் இரவு முழுவதும் பாவிக்காமல் விட்டு, மறுநாள் கடுமையான மணம் குறையும்வரை இறைக்க வேண்டும். புதிதாக மலசலகூடம் கட்டுவோர் உங்கள் கிணற்றை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றையும் பார்த்து, ஆகக் குறைந்தது 30 மீற்றர் தள்ளிக் குழி வெட்டுங்கள்.

கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் உப்போ, பசளையிலிருந்து ஊறிய நைத்திரேற்றோ போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவை கூடவே செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துத் தரும்படி சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் குடம். நல்ல தண்ணீரும் ஊத்தைக் கையால் கெட்டுவிடும். குடிதண்ணீருக்கென்று ஒரு பாத்திரத்தை ஒதுக்கி மூடி வையுங்கள். பேணியை உள்ளே விட்டு அள்ளாமல் சரித்து ஊற்றுங்கள்.

இவ்வளவு கவனம் எடுத்தும் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால், ஒரு பைக்கெட் ஜீவனியை அதில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் உள்ளே போனாலோ, பிள்ளை சோர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நான் சொன்ன அந்த அம்மா இப்போது பவுசர் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். கிணறு இறைக்கும் நாளுக்குப் பக்கத்து வீட்டாரையும் சேர்த்திருக்கிறார். நீங்களும் நாலு வீடு சேர்ந்து ஒரு நாளைக் குறியுங்கள். உங்கள் கேள்விகளை இனிக் கேட்கலாம்.