போன தண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள்



இன்றைய பேச்சு குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைப் பற்றியது. பேதி என்றும் சொல்வார்கள். இங்கே மலையாளத்தில் வயறிளக்கம் என்பார்கள். பெயர் எதுவானாலும் நோய் ஒன்றுதான்.

சளி, காய்ச்சல், அம்மை என்று குழந்தைகளுக்கு வரும் நோய்கள் பல. அவற்றில் இதை மட்டும் எடுத்துப் பேசக் காரணம் உண்டு. இந்த நோய்க்கு முதல் மருந்து டாக்டரிடம் இல்லை. வீட்டில், அடுப்படியில், அம்மாவின் கையில் இருக்கிறது. அது தெரியாமல் எத்தனையோ குழந்தைகள் போய்விட்டார்கள்.

மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். சந்துக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் அது ஒன்று. இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. கடலில் ஏற்றம் வந்தால் கால்வாய்த் தண்ணீர் வாசல்வரை வரும். சாக்கடையும் மழையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஆனால் குடத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

கொச்சிக்கு இது புதிய கஷ்டம் இல்லை. சுற்றிலும் தண்ணீர், எல்லாம் உப்பு. பழைய காலத்தில் ஆலுவாய் ஆற்றுத் தண்ணீரை வள்ளத்தில் கொண்டுவந்து இங்கே விற்றார்கள். பிறகு குழாய் வந்தது. குழாய் வந்த பிறகும் 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பாழூரில் பம்ப் பழுதானபோது மேற்குக் கொச்சியில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். தண்ணீர் குறைந்தால் கை கழுவுவது குறையும். கை கழுவுவது குறைந்தால் வயிற்றுப்போக்கு வரும்.

அந்த வீட்டில் ஒன்றரை வயதுப் பையன் இருக்கிறான். எடை பத்துக் கிலோ. காலையிலிருந்து நாலு தடவை தண்ணீராகப் போய்விட்டது. இரண்டு தடவை வாந்தி. பையன் தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டுகிறான். தாய் டம்ளரை எடுக்கிறாள்.

"தண்ணி குடுக்காதம்மா. குடுக்கக் குடுக்கப் போய்க்கிட்டேதான் இருக்கும். வயிறு காயட்டும்" என்கிறார் மாமியார்.

"தாகமா இருக்கானே அத்தை" என்கிறாள் மருமகள்.

"பல்லு முளைக்கிற பேதி. தானா நிக்கும்."

மாமியார் கெட்டவர் இல்லை. பேரன்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவருக்கு அவர் அம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். போவதை நிறுத்த வேண்டும் என்றால் உள்ளே விடக் கூடாது என்பது பார்க்கச் சரியாகவே தோன்றும். ஆனால் அது தவறு. உயிரைக் குடிக்கும் தவறு.

ஏன்?

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஆறு கிலோ தண்ணீர்தான். வயிற்றுப்போக்கில் வெளியே போவது அந்தத் தண்ணீர். அதோடு உடம்பின் உப்பும் போகிறது. ஒரு லிட்டர் போய்விட்டால் போதும், குழந்தையின் உயிருக்கு ஆபத்து. அந்தப் பையனுக்கு நாலு தடவை போயிருக்கிறது. குடிக்க ஒன்றும் கொடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கண் குழி விழும். அழுதால் கண்ணீர் வராது. நாக்கு உலரும். மூத்திரம் போகாது. கைக்குழந்தையாக இருந்தால் உச்சிக்குழி உள்ளே அமுங்கும். இதைப் பார்த்துத்தான் தோஷம் என்கிறார்கள். மாந்தம் என்கிறார்கள். தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உச்சிக்குழி அமுங்கியதற்குக் காரணம் உடம்பில் தண்ணீர் வற்றியதுதான்.

இந்த விஷயம் உலகத்துக்குத் தெளிவாகப் புரிந்ததில் நம் நாட்டு டாக்டர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெயர் திலீப் மகலனாபிஸ். குழந்தை டாக்டர். வங்காளத்துக்காரர்.

1971-ஆம் ஆண்டு. அன்று கிழக்குப் பாகிஸ்தான் என்று இருந்த இடம்தான் இன்றைய வங்காளதேசம். அங்கே சண்டை நடந்தது. லட்சக்கணக்கான மக்கள் உயிருக்குப் பயந்து எல்லையைத் தாண்டி இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். கூடாரங்களில் தங்கினார்கள். மழை, சேறு, அசுத்தத் தண்ணீர். காலரா பரவியது. காலரா என்பது வயிற்றுப்போக்கிலேயே மிகக் கொடியது.

எல்லையை ஒட்டி பன்காவ் என்ற ஊர். அங்கே சிறிய ஆஸ்பத்திரி. காலராக்காரர்களுக்கு இரண்டே அறைகள். கட்டில் நிறைந்து, தரையெல்லாம் நோயாளிகள். மலத்திலும் வாந்தியிலும் முழங்கால் போட்டுத்தான் டாக்டர் ஊசி குத்த வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் காலராவுக்கு வழக்கமான வைத்தியம் நரம்பில் சலைன் பாட்டில் ஏற்றுவது. பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. முகாம்களில் காலரா வந்த நூறு பேரில் முப்பது பேர் வரை இறந்தார்கள்.

மகலனாபிஸ் ஒரு முடிவு எடுத்தார். உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா. இந்த மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டச் சொன்னார். அதைச் சுத்தமான தண்ணீரில் கரைத்தார்கள். குழாய் வைத்த டிரம்மில் ஊற்றி வைத்தார்கள். நோயாளியின் அம்மா, அண்ணன், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் டம்ளரைக் கொடுத்தார்கள். குடிக்கக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார்கள். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. சொந்தக்காரர்களே மருந்து கொடுத்தார்கள்.

இறப்பு குறைந்தது. நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவாக வந்துவிட்டது.

சர்க்கரைத் தண்ணீரில் எப்படி இது நடந்தது என்று கேட்கலாம். பேதியாகும் குடல் வெறும் தண்ணீரைச் சரியாக வாங்காது. வெறும் உப்புத் தண்ணீரையும் வாங்காது. உப்போடு குளுக்கோஸும் சேர்ந்து போனால் குடல் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும். பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். குளுக்கோஸ் உப்பின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை விஞ்ஞானிகள் அதற்கு முன்பே, 1960-களில் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் படிக்காத அம்மாக்களின் கையில் இதை நம்பிக் கொடுக்கலாமா என்று பெரிய டாக்டர்கள் தயங்கினார்கள். கொடுக்கலாம் என்று பன்காவ் காட்டியது.

மகலனாபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டு அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கொடுத்தது. உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

அந்தப் பொட்டலத்தின் பெயர்தான் ஓ.ஆர்.எஸ். இன்று அது அங்கன்வாடியில் கிடைக்கும். ஆஷா பணியாளரிடம் கிடைக்கும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும்.

இப்போது மட்டாஞ்சேரி வீட்டுக்குத் திரும்பலாம். தாய் பொட்டலத்தை வாங்கி வந்துவிட்டாள். இனி அவள் செய்வதைக் கவனமாகப் பாருங்கள்.

முதலில் பொட்டலத்தைப் படிக்கிறாள். இதுதான் முக்கியம். பொட்டலத்தில் இரண்டு அளவு உண்டு. பெரியது 1 லிட்டர் தண்ணீருக்கு. சின்னது 200 மில்லி தண்ணீருக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு கூடிப்போகும். அது குழந்தைக்கு ஆபத்து. நிறையத் தண்ணீரில் கரைத்தால் பலன் இருக்காது. டம்ளரை நம்பக் கூடாது. ஒவ்வொரு வீட்டு டம்ளரும் ஒவ்வொரு அளவு. கடையில் விற்கும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நன்றாகக் கழுவி அதில் அளந்தால் சரியாக இருக்கும். பொட்டலம் முழுவதையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதியை எடுத்து வைக்கக் கூடாது.

தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். இங்கே ஒரு விஷயம். கேரளத்தில் பதிமுகமோ சீரகமோ போட்டுத் தண்ணீர் கொதிக்க வைப்பது நல்ல வழக்கம். ஆனால் சூடு ஆற வேண்டும் என்று அதிலேயே பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலக்குகிறார்கள். அப்புறம் கொதிக்க வைத்து என்ன பயன்? தானாக ஆற விடுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைத்த பிறகு அதைச் சூடு பண்ணக் கூடாது. மூடி வைக்க வேண்டும். ஒரு நாள் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

அடுத்து கொடுக்கும் முறை. பால் பாட்டில் வேண்டாம். கிண்ணமும் கரண்டியும் போதும். ஒவ்வொரு தடவை வெளியே போனதும் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி கொடுக்க வேண்டும். அதற்கு மேல் வயதென்றால் 100 முதல் 200 மில்லி. மடமடவென்று கொடுத்தால் வாந்தி வரும். கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பயம் வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும். பொறுமைதான் கஷ்டம். இரவு முழுவதும் உட்கார வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அடுப்பு வேலையை மாமியாரோ கணவரோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. குழையக் காய்ச்சிய கஞ்சி, இட்லி, தயிர் சாதம், மசித்த பழம் எல்லாம் கொடுக்கலாம். நோய் நின்ற பிறகும் இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இளைத்த உடம்பு தேறும்.

நள்ளிரவில் பொட்டலம் இல்லையா? கஞ்சித் தண்ணீர் இருக்கிறது. 1 லிட்டர் கஞ்சித் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. அல்லது 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொடுப்பதற்கு முன் நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிடுங்கள். வங்காளதேசத்தில் பிராக் என்ற அமைப்பின் பெண்கள் 1980-இலிருந்து பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலில் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளில் கற்றுக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள்தான் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

கோலா, பாக்கெட் ஜூஸ், சர்க்கரை அதிகம் போட்ட டீ வேண்டாம். அவை பேதியை அதிகமாக்கும். இங்கேயும் படிப்பு உதவும். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெரிதாகப் போட்டு, உள்ளே வெறும் இனிப்புத் தண்ணீரை அடைத்துக் கடையில் விற்று வந்தார்கள். ஹைதராபாத் குழந்தை டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. மருந்துக் கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி செய்த ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று கேளுங்கள்.

ஓ.ஆர்.எஸ்.சோடு துத்தநாக மாத்திரையும் தருவார்கள். ஜிங்க் என்று எழுதியிருக்கும். தினமும் ஒன்று, 14 நாள். ஆறு மாதத்துக்குக் கீழே இருந்தால் பாதி மாத்திரை. தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். 14 நாளும் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் போடும் பேதி மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

குழந்தையின் பின்பக்கத்தை ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் புண்ணாகும். குழந்தையின் மலத்தைக் கக்கூசில் போட வேண்டும், சாக்கடையில் அல்ல. குழந்தை மலத்தால் ஒன்றும் வராது என்பார்கள். வரும். கழுவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அந்தத் தாய் இன்னொன்றும் செய்தாள். மகளின் பழைய நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, எத்தனை மணிக்குப் போனான், எத்தனை கரண்டி குடித்தான், எப்போது மூத்திரம் போனான் என்று எழுதி வைத்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான்.

சில குழந்தைகளுக்கு வீட்டு வைத்தியம் போதாது. குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்க முடியாமல் போனால், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தால், கண் குழி விழுந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், ஆறு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டால் காத்திருக்கக் கூடாது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள். உடனே படிய வேண்டும். மடிப்பு மெதுவாகப் படிந்தால் ஆபத்து. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் பேதி தொடங்கியதுமே போய்விட வேண்டும். மட்டாஞ்சேரியில் பெண்கள், குழந்தைகளுக்கான அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கருவேலிப்படியில் மகாராஜாஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. வண்டி இல்லையென்றால் 108-க்குப் போன் செய்யுங்கள். போகும் வழியிலும் கரண்டியை நிறுத்தக் கூடாது.

பிறந்த 6, 10, 14-ஆவது வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். குழந்தைகளின் கடும் பேதிக்குக் காரணமான ரோட்டா கிருமியைத் தடுப்பது அது. இலவசம். கைக்குழந்தை உள்ளவர்கள் தடுப்பூசி அட்டையை எடுத்து, அது கொடுத்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள்.

அந்தப் பையனுக்கு விடிவதற்குள் இரண்டு தடவை மூத்திரம் போனது. விடிந்ததும் கஞ்சி கேட்டு அழுதான். கண்ணில் கண்ணீர் வந்தது. பேதி இன்னும் நிற்கவில்லை. நிற்க மூன்று நாள், நாலு நாள்கூட ஆகும். மாமியார் கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ கொஞ்சம் படும்மா, நான் குடுக்கறேன்" என்றார்.

இப்போது இரண்டு பொட்டலங்கள் உங்கள் கைக்கு வருகின்றன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. ஒவ்வொருவராக வாங்கி, எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எது எத்தனை தண்ணீருக்கு என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்து ஆறியிருக்கிறது. பாட்டிலும் இருக்கிறது. முதலில் யார் கரைக்கிறீர்கள்?