பலசாலிக்கு என்ன பாட்டு?

சூப்பர் ஹீரோ தொடர்களில் வரும் பாட்டுகளைப் பற்றி இன்று கொஞ்சம் பேசலாம். பறக்கிறவன், சுவரை உடைக்கிறவன் கதையெல்லாம் குழந்தைகள் சமாச்சாரம் என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கதை மறந்து பல வருஷம் ஆன பிறகும் அதன் பாட்டு வாயில் நிற்கிறது. 1997-இல் தூர்தர்ஷனில் 'சக்திமான்' வந்தபோது, இந்தியில் ஒரு சொல் தெரியாத நம் பக்கத்துப் பிள்ளைகளும் அந்தப் பெயரை மட்டும் மெட்டுப் பிசகாமல் இழுத்துப் பாடிக்கொண்டு, ஒரு கையை உயரத் தூக்கித் தெருவில் சுற்றினார்கள். அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய 'பேட்மேன்' தொடருக்கு நீல் ஹெஃப்டி அமைத்த முகப்புப் பாட்டிலும் நாயகனின் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். வேறு சொல்லே கிடையாது. பெயரைக் கூவி ஆளை அழைப்பது நம் கட்டியக்காரன் காலங்காலமாகச் செய்துவரும் வேலைதான்.

பலத்துக்குப் பாட்டுப் போடுவது எளிது. தாரையும் தப்பட்டையும் இருந்தால் போதும். அந்தப் பலசாலியின் மனசுக்கு என்ன பாட்டு என்கிற இடத்தில்தான் இசைக்காரரின் கை தெரியும். இதை நான் சொல்வதற்குக் காரணம் நம் தருமபுரிக் கூத்துதான்.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பதினெட்டு நாள் வைக்கிற ஊரும் உண்டு, பத்து நாளோடு முடிக்கிற ஊரும் உண்டு. இன்று விட்ட இடத்திலிருந்து நாளைக்கு. தொடர்கதை பார்ப்பதற்கு நாம் டிவி வரும்வரை காத்திருக்கவில்லை.

துரியோதனன் களரிக்கு வருகிற அழகைப் பாருங்கள். சட்டென்று வந்து நின்றுவிட மாட்டான். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், நடுவில் ஆள் தெரியாது. விருத்தம் திரைக்குப் பின்னாலிருந்தே எழும். பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கிக்கொள்வார்கள். முகவீணை ஒரு முழம்கூட இல்லாத சின்னக் குழல். அது உச்சத்தில் ஒரு வீறு வீறினால், பாயில் படுத்துத் தூங்குகிறவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மத்தளம் வேகமெடுத்துக் கொண்டே போகும். திரை விலகும்போது, கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த புஜக்கட்டைகளோடு அவன் சுழன்று கொண்டிருப்பான். பார்க்கிறவர் மனசில் பாதித் துரியோதனனை இசை அதற்குள் உருவாக்கி முடித்திருக்கும்.

அதே மத்தளக்காரர் கர்ண மோட்சத்தில் வேறு ஆளாகிவிடுவார். போருக்குக் கிளம்புகிற கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம். மத்தளத்தில் விரல் நுனி மட்டும் படும். ஆர்மோனியம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கர்ணனுடைய வில்லைப் பற்றி அப்போது பேச்சே இல்லை. தேரோட்டி மகன் என்று ஆயுசு முழுக்கச் சுமந்த சொல்லைத்தான் பாட்டு பிடித்துக்கொள்ளும். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுப்பது அந்தப் பாட்டுக்குத்தான்.

இதே வழியில் போன அமெரிக்கர் ஒருவர் உண்டு, ஜோ ஹார்னெல். 1978 முதல் 1982 வரை ஓடிய 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' தொடரின் இசையமைப்பாளர். கோபம் வந்தால் பச்சை நிற ராட்சதனாக மாறுகிற மனிதனின் கதை அது. கார்களைப் புரட்டுவான், கதவுகளைப் பிய்ப்பான். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, அந்த மனிதர் தோளில் ஒரு பையோடு நெடுஞ்சாலை ஓரம் போகிற வண்டியைக் கை காட்டி நிறுத்தப் பார்த்துக்கொண்டே நடப்பார். அங்கே ஹார்னெல் வைத்தது ஒற்றைப் பியானோ. வீடில்லாதவனின் நடை அந்த வாசிப்பில் இருக்கிறது. தொலைக்காட்சியில் ஒரு சூப்பர் ஹீரோவுக்கு வாய்த்த இசையில் இதைவிட உயர்ந்ததை நான் கேட்டதில்லை.

தகடூர் ஆண்ட நம் அதியமானுக்கும் அப்படி ஒரு பாட்டு வாய்த்தது. புறநானூற்றில் அவன் வீரத்தை ஔவையார் பல பாட்டில் பாடியிருக்கிறார். அவன் இறந்தபோது பாடியதில் வெற்றிகளின் பட்டியல் இல்லை. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்ற நினைப்பில்தான் அது தொடங்குகிறது.

இப்போதைய உதாரணம் ஒன்று. 2022 ஜூனில் வந்த 'மிஸ் மார்வெல்' தொடரின் நாயகி கமலா கான், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். பின்னணி இசை லாரா கார்ப்மன். அதற்கு நடுவில் 2014-இல் வந்த ரஜினிகாந்தின் 'லிங்கா' படப் பாட்டு 'ஓ நண்பா' தமிழிலேயே ஒலித்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசை. எஸ்.பி.பி.யும், இலங்கைத் தமிழரான ஆர்யன் தினேஷ் கனகரத்தினமும் பாடியது. எஸ்.பி.பி. 2020 செப்டம்பரில் நம்மை விட்டுப் போனவர். அந்தக் குரல் ஒரு மார்வெல் தொடருக்குள்ளிருந்து கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உருது பேசும் வீட்டுப் பெண்ணின் கதையில் தமிழ்ப் பாட்டு எதற்கு என்று கேட்கலாம். அயல்நாட்டில் வளரும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பாட்டுக்கு மொழி பார்ப்பதில்லை. கல்யாண வீட்டிலும் காரிலும் இந்தி, பஞ்சாபி, தமிழ் எல்லாம் கலந்தே ஓடும். கமலாவுக்கு என்ன சக்தி என்பதை அந்தப் பாட்டு சொல்லவில்லை. அவள் எப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவள் என்று சொல்கிறது. அதனால்தான் அது நல்ல தேர்வு.

தமிழில் நாளைக்கு ஒரு சூப்பர் ஹீரோ தொடர் எடுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வெளிநாட்டு முழக்கத்தைக் கணினியில் நகலெடுப்பதை விட்டுவிட்டு, நம் மாவட்டத்து முகவீணைக்காரர் ஒருவரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழையுங்கள். மைக்கை மட்டும் சற்றுத் தள்ளி வையுங்கள், ஒலி அவ்வளவு கூர்மை. மத்தளக்காரரையும் கூடவே கூப்பிடுங்கள், அவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்து வாசிக்கிறவர்கள். கோடையில் மட்டும் தேதி கேட்காதீர்கள். அந்த மாதங்களில் அவர்களுக்கு ஊர் ஊராக, விடிய விடியப் பாரதம் இருக்கும்.