டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பறை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் ஐரோப்பாவுக்குத் தோல் அனுப்புகிறவர்களுக்கு 2015 மே 1 மறக்க முடியாத தேதி. உடம்பில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் அங்கே விற்க முடியாது என்ற விதி அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

தோல் பதனிடும் டிரம்மில் போடுவதோ மூன்று இணைதிறன் குரோமியம். பிறகு ஆறு எங்கிருந்து வருகிறது? தோலை மென்மையாக்க ஏற்றும் எண்ணெய் சீக்கிரம் ஆக்சிஜன் பிடிக்கும் வகையாக இருந்தால், கிடங்கின் வெக்கையில் மூன்று ஆறாக மாறக்கூடும். பட்டைகளில் உள்ள துவர்ப்புப் பொருள் அந்த மாற்றத்தைத் தடுக்க உதவுகிறது. ஆவாரம்பட்டையில் தோல் ஊறவைத்த வட்டாரம் இது. இன்று அதே குடும்பத்துப் பொருளை மறுபதனிடலில் சேர்க்கிறார்கள். எண்ணெய் டின்னைத் திறக்கும்போதே இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பட்டதாரியை எந்த டேனரியும் விடாது.

அப்படிப்பட்டவரை உருவாக்கும் மரபு தமிழகத்தில் உண்டு. 1944இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சாலையின் எதிர்ப்புறம், 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. தோல் தொழில்நுட்ப மாணவர்கள் ஆய்வாளர்களிடமே பாடம் கேட்கிறார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் அது அடையாற்றில் இருக்கிறது. டிரம்கள் பாலாற்றங்கரையில் சுழல்கின்றன.

பாலாறு கேட்கும் படிப்பு இன்னும் பெரியது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் டேனரிக் கழிவு வழக்கில் தீர்ப்பளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பின்னர் சொட்டு நீரையும் வெளியே விடாத முறையும் வந்தது. அதற்குச் சவ்வு வடிகட்டியையும் ஆவியாக்கியையும் இரவும் பகலும் ஓட்டத் தெரிந்த ஆட்கள் தேவை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து பத்து உயிர்கள் போயின. தொட்டிச் சுவரின் வலிமை தோல் படிப்பின் பாடமா என்று இனி யாரும் கேட்கக் கூடாது.

செருப்பும் மாறுகிறது. தோல் இல்லாத காலணிக்கான பெரிய ஆலை ஒன்றுக்கு ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ரப்பர், நுரை, பசை ஆகியவற்றின் வேதியியல் அங்கே சோறு போடும்.

2022இல் தொடங்கிய தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தால் கணினித் திறன் பயிற்சி கல்லூரிகளுக்குள் வந்திருக்கிறது, நல்லது. அது போதாது. கடைசிப் பருவம் முழுவதும் தோல் தொழில்நுட்ப மாணவர் ஆம்பூரில் தங்க வேண்டும். இரண்டு வார ‘விசிட்’ என்றால் டிரம்மின் வாசனைகூடப் பழகாது. ஆவியாக்கியில் மிஞ்சி, போக்கிடமின்றிக் குவியும் கலப்பு உப்பை அவருக்கு ஆய்வுப் பொருளாகக் கொடுக்கலாம். மதிப்பெண்ணில் பாதியைப் பேராசிரியரும், மீதியை முப்பது வருடம் டிரம் பார்த்த மேஸ்திரியும் போடட்டும்.