பழைய பெயரும் புதிய வண்டியும்

பழமையைப் புதுப்பிக்கும்போது எதனைக் காத்தல் வேண்டும்? ஒரு வண்டியின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தில் எஃகு அரிதாயிற்று. ஆகவே, மாரிஸ் வில்க்ஸ் என்னும் பொறியியலார் உழவர்க்கென வகுத்த லாண்ட் ரோவரின் மேலுடல் அலுமினியக் கலவையால் அமைந்தது. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. ஏணி போன்ற எஃகுச் சட்டம், தட்டையான தகடுகள், நான்கு சக்கரங்களுக்கும் விசை. இவையே அதன் அமைப்பு. பழுதுற்றால் எளிய கருவிகளாலேயே பெரும்பாலும் சீராக்கலாம். பிற்காலத்தில் டிஃபெண்டர் எனப் பெயர்பெற்ற அவ்வண்டியின் உற்பத்தி 2016-இல் நின்றது.

2019-இல் அதே பெயரில் புதிய வண்டி அறிமுகமாயிற்று. ஏணிச் சட்டம் மறைந்தது; உடலும் சட்டமும் ஒன்றாயின. பழையது அரை மீட்டர் ஆழ நீரைக் கடந்தது. காற்றழுத்தத் தாங்கிகள் கொண்ட புதியது 90 சென்டிமீட்டர் வரை கடக்கும். இதமும் பாதுகாப்பும் மிகுந்தன. எனினும், கணிப்பொறிகள் ஆளும் இவ்வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், உழவனின் திருப்புளியும் சுத்தியலும் போதா.

உருவச் சாயலைக் காப்பது எளிது. உடையவன் தன் கையாலேயே பழுது நீக்கும் உரிமையைக் காப்பதே அரிது. நாளைய பொறியியலாராகிய நீங்கள் அவ்வரிய பணியை மேற்கொள்வீர்களாக!