‘டாங்க்’ என்னும் சொல்



ஆங்கிலத்தில் நெடிய சொற்களைக் காட்டிலும் குறுகிய சொற்களே நமக்கு மிகுந்த தொல்லை தருவன. நெடிய சொல்லைக் கண்டால் அகராதியை எடுக்கிறோம். குறுகிய சொல்லைக் கண்டாலோ, ‘இது தெரிந்ததுதானே’ என்று கடந்து போகிறோம். அவ்வாறு நாம் கடந்து போகும் சொற்களுள் ஒன்று ‘டாங்க்’. அதனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

வீட்டு மாடியில் தண்ணீரைத் தேக்கி வைப்பது டாங்க். மோட்டார் வண்டியில் பெட்ரோலைக் கொள்வது டாங்க். வண்ண மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டியும் டாங்க். போர்க்களத்தில் குண்டுகளைப் பொழிந்துகொண்டு ஊர்ந்து வரும் கவச வண்டியும் டாங்க். அதனை நாம் டாங்கி என்கிறோம். நாட்டுக் கொள்கைகளை ஆராய்ந்து கருத்துரைக்கும் அறிஞர் குழுவையும் சிந்தனை டாங்க் என்றே ஆங்கிலத்தில் வழங்குவர். வானொலிக் கலையிலும் ஒரு டாங்க் உண்டு. கம்பிச் சுருளும் மின்தேக்கியும் இணைந்து மின்னாற்றலைத் தேக்கி ஊசலாடச் செய்யும் மின்சுற்றுக்குப் பொறியியலார் இட்ட பெயர் அது.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான பண்பு ஒன்றே. அது தேக்கி வைத்தல். நீரையோ, எண்ணெயையோ, ஆற்றலையோ, அறிவையோ தேக்கும் இடம் டாங்க் ஆகிறது. ஆனால் போர் வண்டி எதனைத் தேக்குகிறது? இங்கேதான் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது.

முதல் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் லிங்கன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் இவ்வண்டியை மறைவாகச் செய்தனர். பகைவர் அறியாதிருக்க வேண்டுமே! ஆகவே நீர் சுமக்கும் தொட்டி என்று எண்ணும்படி அதற்கு டாங்க் என்று பெயரிட்டனர். அதனைச் செய்வித்த குழுவும் அவ்வாண்டு இறுதியில் ‘டாங்க் வழங்கு குழு’ என்று பெயர் மாறியது. 1916 செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சு நாட்டுச் சோம் போர்க்களத்தில் வண்டிகள் வெளிப்பட்டன. மறைவு நீங்கிற்று, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சரி, இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தது? அகராதி செய்தோர் இரண்டு ஊற்றுகளைக் காட்டுவர். நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் குஜராத்தி, மராத்திச் சொற்கள் ஒன்று. குளத்தைக் குறிக்கும் ‘தாங்கே’ என்னும் போர்ச்சுகீசியச் சொல் மற்றொன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆங்கிலத்தில் புகுந்தது. எனவே இந்திய மண்ணில் வழங்கிய பிறகே இது ஆங்கிலேயரின் வீட்டு மாடிக்கும் வண்டிக்கும் சென்றது எனலாம்.

நம் செங்கற்பட்டுப் பகுதியில் ‘தாங்கல்’ என்றொரு சொல் உண்டு. சிறிய ஏரிக்குப் பெயர் அது. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் அதனைக் காணலாம். பறவைகளுக்குப் பெயர்பெற்ற வேடந்தாங்கலிலும் அதுவே இருக்கிறது. ‘தாங்கலிலிருந்து டாங்க் வந்தது’ என்று சொல்லிவிட நாவு துடிக்கும். துடிக்கலாம், ஆனால் சொல்லலாகாது. ஒலி ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. நீரைத் தாங்குவது தாங்கல். அது தமிழ் வேரில் முளைத்த சொல். தமிழ்மேல் உள்ள பற்று நம்மை ஆராய்ச்சிக்குத் தூண்டவேண்டுமேயன்றி, ஆராய்ச்சிக்கு முன்னரே முடிவு சொல்லத் தூண்டலாகாது.

நான் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்தவன். வேதகிரி மலைமேல் நின்று பார்த்தால் கீழே சங்கு தீர்த்தம் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதில் சங்கு தோன்றும் என்பது மக்கள் நம்பிக்கை. படிகள் அமைந்த அத்திருக்குளம் ஆங்கிலத்தில் டாங்க். மதுராந்தகத்தில் வயல்களுக்குப் பாயும் பேரேரியும் டாங்க். இரண்டும் ஒன்றாகுமா? குளம் நான்கு புறமும் கட்டியது, நீராடுவதற்கு உரியது. ஏரியோ, சரிந்த நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வளைந்த கரை எழுப்பி மழைநீரைத் தடுப்பது. மதகு திறந்தால் நீர் வயலுக்குச் செல்லும். ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரியைச் சேரும். மேலே உள்ள ஏரியைத் தூர்த்தவன் கீழே உள்ள ஊரின் சோற்றில் மண் போட்டவன் ஆவான்.

மதுரை, இராமநாதபுரம் பக்கத்தில் இதனைக் கண்மாய் என்பர். நெல்லையிலும் ஈழத்திலும் பாசன ஏரியையே குளம் என்பர்; கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் அத்தகையது. குடிநீருக்கு உரியது ஊருணி. இத்தனையும் ஆங்கில ஆவணத்தில் ஒரே சொல்லாகிவிட்டன. ‘ஊர் டாங்க் வற்றியது’ என்று எழுதினால், வற்றியது எது? ஊருணியானால் குடிக்க நீரில்லை; ஏரியானால் அவ்வாண்டு விளைச்சலில்லை. துன்பம் வேறு, அதற்குச் செய்யவேண்டிய உதவியும் வேறு.

மதுராந்தகத்தில் கோயில் கொண்ட பெருமானுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் காலத்தில், பெருமழையில் கரை உடையாதபடி இராமனும் இலக்குவனும் காத்து நின்றனர் என்பது செவிவழிக் கதை. இதனை ஆங்கிலத்தில் ‘டாங்க் காத்த ராமர்’ என்று படிக்கும் வெளிநாட்டு இளைஞன், இராமபிரான் கவச வண்டிக்குக் காவல் நின்றதாக எண்ணினால் அவனைக் குறைகூற முடியுமா?

இன்னொன்று சொல்வேன். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையால் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த செய்தியை அவை கூறுகின்றன. ஏரி வாரியத்தை ஆங்கிலத்தில் ‘டாங்க் குழு’ என்றே பெயர்த்தனர். லிங்கன் நகரத்து வண்டிகளைச் செய்வித்ததும் ஒரு டாங்க் குழுதான். அந்தக் குழு போர்க்கருவி செய்தது. இந்தக் குழு ஊரின் நீரைக் காத்தது. பெயர் ஒன்று, பணி எத்துணை வேறு!

சென்னையில் நீண்ட டாங்க் என்றொரு பெரிய ஏரி இருந்தது. 1920களில் அதன் நிலத்தில் தியாகராய நகர் எழுந்தது. இன்று அங்கே துணி வாங்கச் செல்வோருள் எத்தனை பேருக்கு அந்த ஏரி நினைவுக்கு வரும்? முதலில் ஏரியின் தனிப்பெயர் மறைகிறது. பிறகு அது வெறும் நீர்நிலையாகிறது, அதன்பின் காலிமனையாகிறது. மழை மட்டும் பழைய பெயரை மறப்பதில்லை. பெருமழை பெய்யும்போது தன் இடத்தைத் தேடி வந்துவிடுகிறது.

ஆகவே, மாணவர்களே, ஆங்கிலத்தில் டாங்க் என்று படித்தால் ‘எந்த டாங்க்?’ என்று கேளுங்கள். முன்னும் பின்னும் உள்ள சொற்கள் விடை சொல்லும். பிறகு உங்கள் ஊர்ப் பெரியவரிடம் சென்று, ‘நம் ஏரிக்குப் பெயர் என்ன? அதன் கலங்கல் எங்கே? வழியும் நீர் எந்த ஊருக்குப் போகிறது?’ என்று கேளுங்கள். முதற் கேள்வி உங்கள் ஆங்கிலத்தை வளர்க்கும். இரண்டாவது, உங்கள் ஊரைக் காக்கும்.